பஞ்சு பறக்கும் இடத்தில் மவுஸ் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கேட் (CAD, கணினி வழி வடிவமைப்பு) பிரிவில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வடிவம், போடும் வேலை செய்கிறேன். சில மாதங்களுக்கு ஒரு மவுஸ் மாற்ற வேண்டியிருக்கிறது. அம்புக்குறி தானாகக் குதிக்கிறது. ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது. அதிக டிபிஐ (நகர்வை எவ்வளவு நுணுக்கமாக எண்ணுகிறது என்ற அளவு) உள்ள மவுஸ் வாங்கினால் சரியாகுமா? டிஜிட்டைசர் பலகையில் இருக்கும் கர்சர் மட்டும் எப்படி இத்தனை ஆண்டுகளாக மயிரிழை பிசகாமல் வேலை செய்கிறது? மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கியிருக்கிறது.

பதில்: அதிக டிபிஐ உள்ள மவுஸ் வாங்குவதால் உங்கள் சிக்கல் தீராது. நீங்கள் சொல்லியிருக்கும் இரண்டு கோளாறுகளும் மவுஸுக்குள் இருக்கும் இரண்டு வேறு உறுப்புகளைச் சேர்ந்தவை. முதலாவது பெரும்பாலும் சுத்தம் செய்தால் போகும் கோளாறு, இரண்டாவது தேய்மானம். கோவையிலும் திருப்பூரிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கணினிப் பழுது பார்த்திருக்கிறேன். நூல் மில், தறிக்கூடம், பனியன் கம்பெனி ஆகிய மூன்றிலும் "மவுஸ் போயிடுச்சுங்க" என்று என்னிடம் கொடுக்கப்பட்டவற்றில் பாதிக்கு மேல் உண்மையில் போயிருக்கவில்லை. எது போயிற்று, எது போகவில்லை என்று நீங்களே கண்டுபிடிக்க, மவுஸ் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் போதும். அதற்கான திறவுகோல் உங்கள் மூன்றாவது கேள்வியில் இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அட்டையில் வெட்டிய பேட்டர்னை டிஜிட்டைசர் பலகையின் மேல் ஒட்டி, குறுக்குக் கோடு போட்ட கண்ணாடி வழியாகப் பார்த்து ஓரத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் அழுத்திக் கணினியில் ஏற்றுகிறீர்கள் அல்லவா? அந்தப் பலகைக்குள் மெல்லிய கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டி ஓடுகின்றன. உங்கள் கையில் இருக்கும் கர்சருக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. சுருளுக்கும் கம்பிகளுக்கும் இடையே நிகழும் மின்காந்தத் தூண்டலைக் கொண்டு, கர்சர் பலகையின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கருவி நேரடியாக அறிந்துகொள்கிறது. கர்சரைத் தூக்கி வேறு மூலையில் வைத்தாலும் அது தன் இடத்தை மறப்பதில்லை. மேலே பஞ்சு படிந்தாலும் காந்தப்புலத்துக்கு அது ஒரு தடையே இல்லை.

மவுஸ் அப்படிப்பட்ட கருவி அன்று. மவுஸுக்குத் தான் மேசையில் எங்கே இருக்கிறோம் என்பது எப்போதுமே தெரியாது. சற்று முன் இருந்த இடத்திலிருந்து வலப்பக்கம் எத்தனை, மேல்பக்கம் எத்தனை நகர்ந்தோம் என்ற இரண்டு எண்களை மட்டுமே அது கணினிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. யூஎஸ்பியில் செருகிய சாதாரண மவுஸ் வினாடிக்கு ஏறத்தாழ 125 முறை இந்தக் கணக்கைக் கொடுக்கிறது. அவற்றைக் கூட்டிக் கழித்து அம்புக்குறியை நகர்த்துவது கணினியின் வேலை. தூக்கி வேறிடத்தில் வைத்தால் அம்புக்குறி அசையாமல் நிற்பது இதனால்தான். நகர்வைத் தவறாக அளந்தால் அந்தத் தவறு திரும்பச் சரியாவதில்லை என்பதும், அளப்பதற்கு மவுஸ் நம்பியிருப்பது தனக்குக் கீழே இருக்கும் பரப்பை மட்டுமே என்பதும் இதிலிருந்தே வருகின்றன.

நகர்வை அளக்கும் இந்த எண்ணம் கணினிக்கு முந்தையது. வரைபடத்தில் ஒரு நிலத்தின் எல்லைக்கோட்டின் மேல் முனையை ஓட்டிப் பரப்பளவைக் கண்டுபிடிக்கும் பிளானிமீட்டர் என்ற கருவி 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது; அதில் ஒரு சிறு சக்கரம் எவ்வளவு உருண்டது என்பதுதான் கணக்கு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த டக்ளஸ் எங்கெல்பார்ட், திரையில் ஓர் இடத்தைச் சுட்ட வழி தேடியபோது அந்தக் கருவிதான் அவர் நினைவுக்கு வந்தது. அவருடன் பணியாற்றிய பில் இங்கிலீஷ் 1964இல் அதை மரக்கட்டையில் செய்துகொடுத்தார். அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு உலோகச் சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான்; அவ்வளவுதான். பக்கவாட்டில் நகர்த்தினால் ஒரு சக்கரம் உருளும், மற்றது வழுக்கிக்கொண்டே போகும். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கெல்பார்ட் அதை ஒரு பெரிய கூட்டத்தின் முன் இயக்கிக் காட்டினார். காப்புரிமை 1970இல் கிடைத்தது. காப்புரிமைப் பத்திரத்தில் எலியின் பெயர் தலைப்பில் இல்லை. திரைக்கான எக்ஸ்-ஒய் இடங்காட்டி என்ற பொருளில்தான் தலைப்பு இருக்கிறது. உங்கள் பேட்டர்னின் ஒவ்வொரு புள்ளிக்கும் இருக்கும் அதே எக்ஸும் ஒய்யும்தான்.

இரண்டு சக்கரங்களின் இடத்தில் ஓர் உருண்டையை வைத்த மவுஸ்கள் அடுத்து வந்தன. ஜெர்மனியின் டெலிஃபங்கன் நிறுவனம் 1968லேயே உருண்டை வைத்த ஒன்றை விற்பனைக்கு அறிவித்திருந்தது. பில் இங்கிலீஷும் ஜெராக்ஸ் ஆய்வகத்துக்கு மாறிய பிறகு உருண்டை மவுஸைச் செய்தார். 1980களிலும் 1990களிலும் உலகம் முழுவதும் ஓடியது அந்த வகைதான்.

நான் தொழிலுக்கு வந்தபோது கொங்குப் பக்கத்தில் எங்கு பார்த்தாலும் உருண்டை மவுஸ்தான். சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்கூடத்தின் அலுவலக அறையில் நான் முதன்முதலாகத் திறந்து பார்த்த மவுஸ் இன்றும் கண்ணில் நிற்கிறது. அடிமூடியைத் திருகி எடுத்ததும் ரப்பர் பூசிய இரும்பு உருண்டை உள்ளங்கையில் விழுந்தது. உள்ளே ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் படுத்திருந்த இரண்டு சிறு உருளைகளிலும் நடுப்பகுதியில், மோதிரம் போட்டது போல, சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் கெட்டித்திருந்தது. பஞ்சும் கைவியர்வையும் மேசைத் தூசியும் சேர்ந்து, உருண்டை அழுத்த அழுத்த ஃபெல்ட் துணி போல இறுகிப்போன வளையம் அது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. ஊசி முனையால் ஓரிடத்தில் கீறிவிட்டுப் பிடித்து இழுத்தால் முழு வளையமும் ஒரே துண்டாகச் சுருண்டு வந்தது. அந்த வளையம் உருளையின் சுற்றளவைக் கூட்டியிருந்ததால், உருண்டை ஒரு முழு அங்குலம் ஓடினாலும் உருளை குறைவாகவே சுற்றியிருக்கிறது. இடையிடையே வழுக்கியும் இருக்கிறது. கணக்கெழுதுபவர் அம்புக்குறி "நொண்டுதுங்க" என்று சொன்னதற்குக் காரணம் அதுதான்.

ஒளியால் வேலை செய்யும் மவுஸ் வந்த பிறகு இந்தத் தொல்லை ஒழிந்தது என்று பலரும் நினைத்தார்கள். அது ஒழியவில்லை, வேறு வடிவம் எடுத்திருக்கிறது. ஒளி மவுஸை 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டு பேர் தனித்தனியே உருவாக்கினார்கள் என்றாலும், கோடோ புள்ளியோ அச்சிட்ட தனி அட்டையின் மேல் வைத்தால்தான் அவை ஓடின. எந்த மேசையிலும் ஓடக்கூடிய ஒளி மவுஸ் 1999இல் கடைக்கு வந்தது. அதன் அடிவயிற்றில் இருப்பது ஒரு சிறிய கேமரா. எல்இடி விளக்கு மேசைப் பரப்பின் மேல் சாய்வாக ஒளி வீசுகிறது. சாய்ந்த வெயிலில் உழுத காட்டின் பாத்தி வரப்புகள் நிழல் விழுந்து தெளிவாகத் தெரிவது போல, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் அந்த ஒளியில் நிழலாகத் தெரிகின்றன. சென்சார் அதை வினாடிக்கு 1500 முறைக்கு மேல் படம் பிடிக்கிறது. படம் என்றால் நம் கைபேசிப் படம் போன்றதன்று. பக்கத்துக்குப் பதினாறிலிருந்து முப்பது புள்ளிகள் மட்டுமே கொண்ட கறுப்பு வெள்ளைச் சதுரம். முந்தைய சதுரத்தையும் இப்போதைய சதுரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளினால் இரண்டும் பொருந்துகின்றன என்று பார்க்கிறது. அந்தத் தள்ளலே நகர்வு. முன்பு பதித்த டிசைனோடு பொருத்திப் பார்த்து அடுத்த ஸ்கிரீனைப் பதிக்கும் பிரிண்டிங் பட்டறையை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும்.

இப்போது ஒரே ஒரு பஞ்சு இழை அந்தத் துளைக்குள் மாட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை நகர்ந்தாலும் இழை மவுஸோடு சேர்ந்தே வருவதால், படத்தில் அது அசையாமல் நிற்கிறது. சென்சாருக்குப் படத்தின் ஒரு பகுதி "நகர்ந்தேன்" என்கிறது, இன்னொரு பகுதி "நகரவில்லை" என்கிறது. முடிவெடுக்க முடியாமல் அம்புக்குறி தயங்கித் தயங்கிப் போகும். மின்விசிறிக் காற்றில் அந்த இழை ஆடினால் நிலைமை இன்னும் மோசம். நீங்கள் கையை எடுத்துவிட்டாலும் அம்புக்குறி தானாக நடுங்கும், குதிக்கும். நீங்கள் சொல்லும் கோளாறு இதுவாகவே இருக்க வேண்டும். கட்டிங் மேசைக்கோ ஓவர்லாக் வரிசைக்கோ பக்கத்தில் இருக்கும் கணினிகளில் இதை நான் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன்.

சுத்தம் செய்யும் முறையில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். மவுஸின் வயரைக் கழற்றிவிட்டுத் திருப்பிப் பிடித்து, துளைக்குள் வெளிச்சம் விழும்படி வைத்துப் பாருங்கள். இழை இருந்தால் கண்ணுக்கே தெரியும். மென்மையான, உலர்ந்த பெயிண்ட் தூரிகையால் வெளிப்பக்கமாகத் தள்ளி எடுங்கள், அல்லது கேமரா லென்ஸுக்கான ரப்பர் பந்தால் ஊதுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளே விடாதீர்கள். ஓர் இழையை எடுக்கப்போய் நான்கு இழைகளை அது விட்டுவிட்டு வரும். மெஷின்களுக்கு ஊதும் கம்ப்ரசர் காற்றைப் பிடிக்கவே கூடாது. அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்திருப்பதால் லென்ஸின் மேல் மெல்லிய படலம் படிந்துவிடும். செக்கிங்கில் கறை எடுக்கும் கெமிக்கலால் மவுஸைத் துடைத்து, லென்ஸ் பால்போல வெளுத்துப்போனதையும் பார்த்திருக்கிறேன். அது திரும்பத் தெளிவதில்லை. வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை வேலை முடியும்போது இதைச் செய்தால் போதும். அடியில் இருக்கும் வழுக்குப் பட்டைகளைச் சுற்றிச் சேரும் அழுக்கையும் அப்போதே எடுத்துவிடுங்கள்; அது மவுஸை அரை மில்லிமீட்டர் தூக்கிவிட்டால்கூடச் சென்சாரின் குவியம் மாறிவிடும்.

பரப்பையும் கவனிக்க வேண்டும். நம் ஊர் அலுவலகங்களில் மேசை மேல் கண்ணாடி போட்டு, அடியில் சாமி படமும் காலண்டரும் விசிட்டிங் கார்டுகளும் வைப்பது வழக்கம். கண்ணாடியின் மேல் வைத்த மவுஸுக்குக் கண்ணாடியே தெரிவதில்லை. அடியில் இருக்கும் படமோ குவியத்தை விட்டு விலகி மங்கலாக இருக்கிறது. பளபளக்கும் மைக்கா மேசையிலும் ஓரளவு இதே நிலைதான். கட்டிங்கில் மிஞ்சிய ஜெர்சித் துணியை மடித்து மவுஸின் கீழே போடுகிறவர்கள் உண்டு. சென்சார் அதன் மேல் நன்றாகவே ஓடும், ஆனால் துணியே இழை உதிர்க்கும். ரப்பர் அடிப்பாகமும் நெருக்கமான நெசவும் கொண்ட பேட் ஒன்றை வாங்கி, மாதத்துக்கு ஒரு முறை சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள்.

இனி டிபிஐ. மவுஸை ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர் நகர்த்தினால் அது எத்தனை எண்ணிக்கை கொடுக்கிறது என்பதே அந்த எண். விண்டோஸின் நடு அமைப்பில் ஓர் எண்ணிக்கைக்குத் திரையில் ஒரு புள்ளி. 1920 புள்ளி அகலமுள்ள திரையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கடக்க 1000 டிபிஐ மவுஸை ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். 4000 என்றால் ஒன்றேகால் சென்டிமீட்டரே போதும். அது வசதி போலத் தோன்றும். ஆனால் பொத்தானை அழுத்தும்போது விரலின் அழுத்தத்தால் மவுஸ் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் என்ன ஆகும்? 1000இல் நான்கு புள்ளிகள் விலகும். 4000இல் பதினாறு புள்ளிகள் விலகும். ஆர்ம்ஹோல் (சட்டையில் கை பொருத்தும் இடம்) வளைவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளில் தவறான ஒன்றைப் பிடித்து இழுக்க அதுவே தாராளம். பெரிய எண் பெட்டியின் மேல் அச்சிடுவதற்கு உதவும். பேட்டர்ன் வேலைக்கு 800க்கும் 1200க்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் "என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்" என்று ஒரு தேர்வு இருக்கிறது. பெயரைப் பார்த்துத் துல்லியம் கூடும் என்று நம்பிவிட வேண்டாம். கையை வேகமாக நகர்த்தினால் அம்புக்குறியை இன்னும் கூடுதலாக ஓடவைப்பதே அதன் வேலை. ஒரே தூரத்துக்கு ஒரே நகர்வு கிடைக்க வேண்டிய கேட் வேலைக்கு அதை அணைத்துவிடுவது நல்லது என்பது என் அனுபவம். கை பழகுவதற்கு இரண்டு நாள் ஆகும். துல்லியம் கிடைக்கும் இடம் ஜூம். பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954இல் வகுத்த விதி ஒன்று, இலக்கு தொலைவாகவும் சிறிதாகவும் இருந்தால் அதைச் சென்று தொட ஆகும் நேரம் கூடும் என்கிறது. ஸ்டூவர்ட் கார்ட், பில் இங்கிலீஷ், பெட்டி பர் ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் எழுத்தைத் தேர்ந்தெடுக்க மவுஸ், ஜாய்ஸ்டிக், இருவகை விசைகள் ஆகியவற்றை ஒப்பிட்டு, மவுஸே விரைவும் பிழைக்குறைவும் உடையது என்று கண்டார்கள். மவுஸின் வேகம் ஏறத்தாழ ஃபிட்ஸ் விதிப்படியே அமைந்தது. ஆகவே புள்ளியை நெருங்குவதற்கு முன் ஜூம் செய்து இலக்கைப் பெரிதாக்குங்கள்; அடிக்கடி எடுக்கும் கருவிகளுக்கு விசைப்பலகைக் குறுக்குவழிகளைப் பழகுங்கள்.

ஜூம் செய்ய, பொத்தான்களுக்கு நடுவே இருக்கும் உருளியை முன்னால் தள்ளும்போது படம் ஒரு கணம் பின்வாங்கினால், உருளியின் அச்சில் பஞ்சு சுற்றியிருக்கிறது அல்லது அதன் சுழற்சியை எண்ணும் உறுப்பில் தூசி புகுந்திருக்கிறது என்று பொருள். திறந்து தூரிகை போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரட்டைச் சொடுக்குக்கு வருவோம். கிளிக் என்பதற்குத் தமிழில் சொடுக்கு என்று பெயர் வைத்தவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். விரல் சொடுக்கும்போது இறுகிய ஒன்று சட்டென்று விடுபடுகிறது. மவுஸின் பொத்தானுக்குக் கீழே இருக்கும் மைக்ரோ சுவிட்சிலும் நடப்பது அதுவேதான். ஒரு முறை அதன் மூடியைக் கத்தி முனையால் நெம்பிப் பார்த்தால், அரிசி நீளத்தைவிடச் சற்றே பெரிய ஒரு செம்புத் தகடு உள்ளே இருக்கும். அதன் நடுவில் நாக்கு போல வெட்டிய பகுதி வில்லாக வளைந்து தகட்டை மேலே தள்ளிப் பிடித்திருக்கும். அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் தகடு சட்டென்று கீழே தாவிக் கீழ்முனையைத் தொடும். அந்தத் தாவலின் ஓசையே நாம் கேட்கும் கிளிக்.

இப்படித் தாவிய தகடு முதல் தொடலிலேயே நின்றுவிடுவதில்லை. கல்லில் போட்ட சுத்தியல் போலச் சில மில்லி வினாடிகள் துள்ளிய பிறகே அமரும். மவுஸுக்குள் இருக்கும் சில்லு அந்தத் துள்ளல்களைப் பொருட்படுத்தாமல் இருக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. நாளடைவில் வில் தளர்ந்து, தொடும் முனையில் கருமை படியும்போது, தொடர்பு விட்டு விட்டு வரும் நேரம் சில்லு பொறுத்துக்கொள்ளும் அளவைத் தாண்டிவிடுகிறது. ஒரு அழுத்தம் இரண்டாக எண்ணப்படுகிறது. இழுத்துக்கொண்டே போகும் பேட்டர்ன் நடுவழியில் கைநழுவி விழுவதும் இதே காரணத்தால்தான். உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது: மவுஸ் அமைப்பில் இடப்பொத்தானையும் வலப்பொத்தானையும் மாற்றிப் போட்டுவிட்டு வலப்பொத்தானால் அரை மணி நேரம் வேலை செய்யுங்கள். கோளாறு மறைந்துவிட்டால் குற்றவாளி இடப்பக்கச் சுவிட்ச்தான். மூன்று கால்களைச் சால்டர் எடுத்துப் புதிய சுவிட்ச் வைப்பது கால் மணி நேர வேலை; பெரும்பாலான மவுஸ்களில் ஒரே அளவுச் சுவிட்ச்தான் இருக்கிறது, விலையும் சில பத்து ரூபாய்க்குள் அடங்கும். சால்டர் தெரிந்த எலக்ட்ரீஷியன் உங்கள் கம்பெனியிலேயே இருப்பார்.

வயர்லெஸ் மவுஸைக் கேட் மேசைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது பேசுகிறது. யூஎஸ்பி 3 துளைகளும் அவற்றில் செருகும் ஹார்ட் டிஸ்குகளும் அதே அலைவரிசையில் இரைச்சலை எழுப்புகின்றன. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், ரிசீவரை ஒரு நீட்டிப்பு வயரில் செருகி மேசையின் மேல் மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள்.

மணிக்கட்டு வலியை மவுஸின் குறையாக மட்டும் பார்க்காதீர்கள். எண் பலகை சேர்ந்த விசைப்பலகை வலப்பக்கம் நீண்டிருப்பதால் மவுஸ் அதற்கும் அப்பால் போய்விடுகிறது. தோள் விரிந்து, கை நாள் முழுவதும் அந்தரத்தில் நிற்கிறது. விசைப்பலகையை இடப்பக்கம் தள்ளி மவுஸை உடலுக்கு நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். முழங்கை ஏறத்தாழ மேசை மட்டத்தில் இருக்க வேண்டும். நின்று வெட்டுவதற்காகச் செய்த உயரமான மேசையில் கணினியை வைத்திருந்தால், நாற்காலியை உயர்த்திக் காலுக்கு ஒரு பலகை போடுங்கள். மணிக்கட்டை ஊன்றி அதைச் சுழற்றாமல் முழங்கையிலிருந்து முழுக் கையையும் நகர்த்துங்கள். இதற்கும் குறைந்த டிபிஐ உதவும். உள்ளங்கை கவிழாமல் கைகுலுக்கும் நிலையில் பிடிக்கும் செங்குத்து மவுஸ் பலருக்கு ஆறுதல் தந்திருக்கிறது. ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போனாலோ, இரவில் அந்த மரமரப்பால் விழிப்பு வந்தாலோ, அது மணிக்கட்டின் நடுநரம்பு நெருக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வயர் உள்ள, மூன்று பொத்தான் கொண்ட எளிய மவுஸ் போதும். கடையில் பெட்டியைத் திறக்கச் சொல்லி உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கிக் குறுகினால் அது உங்கள் கைக்குச் சிறிது. வயர் மவுஸுக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் கழுத்து உறுதியாக இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். உள்ளே செம்பு அறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். இப்போது கைவசம் இருக்கும் பழைய மவுஸைத் தூக்கிப் போடுவதற்கு முன், அதைத் திருப்பி அந்தத் துளையை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.